மின்காந்தப் புலங்கள்: மனப்பாடம்தான் ஒரே வழியா?

பிப்ரவரி 3, வாசகர் கேள்வி

அக்கா, இ.சி.இ. இரண்டாம் ஆண்டு, நான்காம் செமஸ்டர் படிக்கிறேன். மின்காந்தப் புலங்கள் பாடத்தில் முதல் யூனிட் முடிந்துவிட்டது. உருளை ஆயத்தொலைவிலிருந்து கோள ஆயத்தொலைவுக்கு மாற்றச் சொன்னால் மாற்றிவிடுவேன். ஸ்டோக்ஸ் தேற்றத்தை நிறுவச் சொன்னால் எழுதிவிடுவேன். ஆனால் இதெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்டால் வாய் திறக்க முடியாது. சீனியர்கள், "பத்து டெரிவேஷனை மனப்பாடம் செய், அரியர் விழாமல் தப்பித்துவிடலாம், இந்தப் பாடம் யாருக்கும் புரிந்ததில்லை" என்கிறார்கள். உண்மையா?

பிப்ரவரி 3, இரவு

உண்மை இல்லை. இந்தப் பாடம் புரியக்கூடியது. நம் பாடத்திட்டத்தில் அது வரும் வரிசைதான் இடிக்கிறது. முதல் யூனிட் முழுக்க வெக்டர் கணிதம். இரண்டாவதில் அசையாத மின்னூட்டம், மூன்றாவதில் மாறாத மின்னோட்டம். நேரத்தோடு மாறும் புலம் நான்காவதில்தான் தலைகாட்டுகிறது. அலை ஐந்தாவதில். அதற்குள் தேர்வு வந்துவிடுகிறது. டிரான்ஸ்மிஷன் லைன், அதாவது அலையைக் கடத்திச் செல்லும் கம்பி இணை, அடுத்த செமஸ்டரில் தனிப் பாடம். இந்தப் பாடத்தின் உயிர் எங்கே இருக்கிறதோ, அங்கே போய்ச் சேரும்போது மாணவர் களைத்துப்போயிருக்கிறார்.

என் யோசனை: டிரான்ஸ்மிஷன் லைனை முதலில் தொடுங்கள். புத்தகத்தில் அல்ல, கையால். ஆய்வகத்தில் ஒரு சுருள் கோஆக்சியல் கேபிள் (டி.வி.க்கு வரும் உருண்டைக் கேபிள் போன்றது) கிடைக்குமா என்று கேளுங்கள். 50 ஓம் வகை, 20 மீட்டர் இருந்தால் போதும். மீதியை நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 4

கேபிள் கிடைத்ததும் செய்ய வேண்டியது இது. ஃபங்ஷன் ஜெனரேட்டரில் 100 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை வையுங்கள். அதன் வெளியீட்டில் ஒரு டி இணைப்பான். டி-யின் ஒரு கை சி.ஆர்.ஓ.வுக்கு (வோல்ட் நேரத்தோடு மாறுவதைத் திரையில் காட்டும் கருவி), இன்னொரு கை கேபிளுக்கு. கேபிளின் மறுமுனையை எதிலும் இணைக்காமல் திறந்தே விடுங்கள். சி.ஆர்.ஓ.வின் நேர அளவைக் கட்டத்துக்கு 50 அல்லது 100 நானோவினாடிக்குக் கொண்டுவந்து, அலை ஏறும் விளிம்பை மட்டும் பாருங்கள்.

ஜெனரேட்டர் 5 வோல்ட் தருவதாக வைத்துக்கொள்வோம். திரையில் கோடு நேராக 5 வோல்ட்டுக்குப் போகாது. இரண்டரை வோல்ட்டில் ஒரு படி தெரியும். சுமார் 200 நானோவினாடி அங்கேயே நிற்கும். பிறகு ஏறி 5 வோல்ட்டைத் தொடும்.

அந்தப் படியை உற்றுப் பாருங்கள். மறுமுனை திறந்திருக்கிறது, மின்னோட்டம் போக வழியே இல்லை என்று முதலாம் ஆண்டு சர்க்யூட் பாடம் சொல்கிறது. ஜெனரேட்டருக்கு அது தெரியாது. 20 மீட்டர் தள்ளி என்ன இருக்கிறது என்ற செய்தி போய்த் திரும்பி வர 40 மீட்டர் பயணம். கேபிளுக்குள் அலையின் வேகம் வினாடிக்கு 20 கோடி மீட்டர். வகுத்தால் 200 நானோவினாடி. அதுவரை ஜெனரேட்டர் தன் முன்னால் ஒரு 50 ஓம் மின்தடை இருப்பதாகவே நடந்துகொள்கிறது. தன் உள்ளே இருக்கும் 50 ஓமும் வெளியே தெரியும் 50 ஓமும் சேர்ந்து 5 வோல்ட்டைப் பாதியாக்குகின்றன.

மறுமுனையில் கேபிளின் உட்கம்பியையும் வெளியுறையையும் ஒரு கம்பியால் சேர்த்துக் குறுக்கிடுங்கள் (ஷார்ட்). இரண்டரை வோல்ட் படி அப்படியே வரும், 200 நானோவினாடிக்குப் பின் பூஜ்யத்துக்கு விழும். அடுத்து ஒரு 200 ஓம் மாறு மின்தடையை அங்கே பொருத்தி மெல்லத் திருகுங்கள். கார்பன் வகையாக இருக்கட்டும். கம்பி சுற்றிய வகை, தானே ஒரு சுருளாக நடந்துகொண்டு படத்தைக் கெடுக்கும். ஓரிடத்தில் இரண்டாவது படி காணாமல் போகும், கோடு தட்டையாகும். அங்கேயே நிறுத்தி, மின்தடையைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள்.

பிப்ரவரி 4, சற்றுப் பின்

சொல்ல விட்டுப்போனது: சி.ஆர்.ஓ. உள்ளீடு ஒரு மெகாஓம் நிலையில் இருக்க வேண்டும். சில புதிய கருவிகளில் 50 ஓம் என்றும் ஒரு தேர்வு உண்டு, அது வேண்டாம்.

பிப்ரவரி 7

இன்னொருவர் கேட்கிறார்: "இதைத் தேர்வில் கேட்க மாட்டார்களே?"

இப்படியே கேட்க மாட்டார்கள். ஆனால் கேட்பது எல்லாம் இந்தக் கேபிளுக்குள் இருக்கிறது. நான் படித்த காலத்தில் வகுப்பில் பாதிப் பேருக்கு இந்தப் பாடம் அரியர். நடத்தியவர் கரும்பலகையில் எழுதுவதும் நாங்கள் நகல் எடுப்பதுமாக ஒரு செமஸ்டர் ஓடியது. இறுதியாண்டு புராஜெக்டுக்காக ஒரு கேபிள் சுருளோடு உட்கார்ந்த பிறகுதான் இரண்டாம் ஆண்டு நோட்டைத் திரும்பத் திறந்தேன். அதில் இருந்த சூத்திரங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அந்தக் கேபிளில் வந்து பொருந்தின. அதனால் சொல்கிறேன், ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஐந்து யூனிட்டையும் அதன் மீது நடத்திப் பாருங்கள்.

கோஆக்சியல் கேபிளில் உள்ளே ஒரு கம்பி, சுற்றிலும் பாலிஎத்திலீன், அதற்கு மேல் பின்னல் உறை. உட்கம்பியின் விட்டத்தைப் போல் உறையின் விட்டம் மூன்றரை மடங்கு என்று கொள்வோம். பாலிஎத்திலீனின் ஒப்பு விடுதிறன் (வெற்றிடத்தைவிட எத்தனை மடங்கு மின்தேக்குத்திறனைக் கூட்டும் என்ற எண்) 2.25.

இரண்டாம் யூனிட்: காஸ் விதியால் மீட்டருக்கு எவ்வளவு மின்தேக்குத்திறன் என்று கணக்கிடுங்கள். 100 பிக்கோஃபாரட் வரும். மூன்றாம் யூனிட்: ஆம்பியர் விதியால் மீட்டருக்கு எவ்வளவு தூண்டல் என்று கணக்கிடுங்கள். 250 நானோஹென்றி வரும். தூண்டலை மின்தேக்குத்திறனால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள்: 50 ஓம். இரண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, தலைகீழாக்குங்கள்: வினாடிக்கு 20 கோடி மீட்டர். சி.ஆர்.ஓ. திரையில் பார்த்த அதே இரண்டு எண்கள். அசையாத மின்னூட்டத்துக்கும் மாறாத மின்னோட்டத்துக்கும் போட்ட கணக்குகள் அலையின் வேகத்தைச் சொல்கின்றன!

இன்னும் ஒன்று. மின்தேக்குத்திறனில் விட்ட விகிதத்தின் மடக்கை கீழே இருக்கும், தூண்டலில் மேலே இருக்கும். பெருக்கும்போது இரண்டும் அடிபடும். ஆகவே வேகத்துக்குக் கேபிளின் தடிமனோடு சம்பந்தமே இல்லை, நடுவில் நிரப்பிய பொருளோடு மட்டும்தான். இதை நானே தாளில் போட்டுப் பார்த்த அன்று எழுந்து நடக்க வேண்டியிருந்தது.

பிப்ரவரி 8

மேலே எழுதியதன் வரலாற்று வேர் ஒன்று உண்டு, விட மனமில்லை. 1856-இல் ஜெர்மனியில் வெபரும் கோல்ராஷும் லேடன் ஜாடி (மின்னூட்டத்தைச் சேமிக்கும் கண்ணாடிக் குடுவை) ஒன்றின் மின்னூட்டத்தை இரண்டு விதமாக அளந்து ஒரு விகிதம் கண்டார்கள். அதிலிருந்து கிடைத்த வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 31 கோடி மீட்டர். ஒளியின் வேகத்தை ஃபிசோ 1849-இலேயே அளந்திருந்தார். இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கி வருவதைக் கண்டுதான் ஒளியும் மின்காந்த அலையே என்று மேக்ஸ்வெல் துணிந்து எழுதினார். கம்பி இல்லாமல் அலையை உண்டாக்கி, பிடித்துக் காட்டியது ஹெர்ட்ஸ், 1887-88 வாக்கில், கார்ல்ஸ்ரூவில். அப்போது மேக்ஸ்வெல் உயிரோடு இல்லை.

பிப்ரவரி 11

முதல் கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார்: "அக்கா, படி தெரிந்தது! மாறு மின்தடையை அளந்தால் 51 ஓம். ஆனால் ஒரு சந்தேகம். எல்.சி.ஆர். மீட்டரில் 10 கிலோஹெர்ட்ஸில் அளந்தால் 20 மீட்டருக்கு மின்தேக்குத்திறன் 2,000 பிக்கோஃபாரட், சரியாக வந்தது. முனையைக் குறுக்கிட்டுத் தூண்டலை அளந்தால் 5 மைக்ரோஹென்றிக்குப் பதில் 6-க்கு மேல் காட்டுகிறது. கணக்குப் போட்டால் 55 ஓம். மீட்டர் பழுதா?"

மீட்டர் நன்றாகவே இருக்கிறது. அந்தக் கூடுதல் ஒரு மைக்ரோஹென்றி எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். ஐந்தாம் யூனிட்டின் ஸ்கின் டெப்த், அதாவது மாறும் புலம் கடத்திக்குள் எவ்வளவு ஆழம் நுழையும் என்ற அளவு, உங்கள் மேசைக்கே வந்துவிட்டது.

செம்பில் ஸ்கின் டெப்த் 10 கிலோஹெர்ட்ஸில் 0.66 மில்லிமீட்டர். உங்கள் உட்கம்பியின் ஆரம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆக, அந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பியின் உள்ளே முழுக்கப் பரவி ஓடுகிறது. செம்பின் உள்ளேயும் காந்தப்புலம் இருக்கிறது, அதுவும் ஆற்றலைச் சேமிக்கிறது. உருண்டையான கம்பிக்கு இந்த உள் தூண்டல் மீட்டருக்கு 50 நானோஹென்றி, கம்பி எவ்வளவு பருமனானாலும் அதே எண். 20 மீட்டருக்கு ஒரு மைக்ரோஹென்றி. கணக்கு நேராகிறதா?

சதுர அலையின் கூரிய விளிம்பில் இருப்பவை பல மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்கள். 10 மெகாஹெர்ட்ஸில் ஸ்கின் டெப்த் 0.02 மில்லிமீட்டர். மின்னோட்டம் செம்பின் மேல்தோலோடு நின்றுவிடும், உள்ளே புலம் நுழையாது, உள் தூண்டல் ஏறத்தாழ மறைந்துவிடும். அதனால் சி.ஆர்.ஓ. 50-ஐ ஒட்டிச் சொல்கிறது, மீட்டர் 55 சொல்கிறது. இரண்டும் உண்மை. இந்த வித்தியாசத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டீர்களே, அதற்காகவே இதை எழுதத் தொடங்கியது வீண்போகவில்லை.

பிப்ரவரி 12

ஸ்கின் டெப்த் என்றதும் நினைவுக்கு வந்தது. திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. நீரில் மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் நிலையம், 1990-இல் தொடங்கியது. பஸ்ஸில் போகும்போது தூரத்தில் அதன் கோபுரங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் உங்களில் இருக்கலாம். அது ஏன் 20 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே பேசுகிறது?

கடல்நீரின் கடத்துதிறன் மீட்டருக்கு 4 சீமென்ஸ். 18 கிலோஹெர்ட்ஸுக்கு ஸ்கின் டெப்த் போட்டால் 1.9 மீட்டர் வரும். பத்து மீட்டர் ஆழத்தில் புலம் இருநூறில் ஒரு பங்காகக் குறையும், ஆனாலும் பிடிக்க முடியும். இதையே எஃப்.எம். வானொலியின் 100 மெகாஹெர்ட்ஸுக்குப் போடுங்கள்: இரண்டரை சென்டிமீட்டர். ஒரு சாண் ஆழம் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 18 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 16 கிலோமீட்டருக்கு மேல், அதனால்தான் அவ்வளவு பெரிய ஆன்டெனா.

பிப்ரவரி 16

"கேபிளுக்குள் காந்தப்புலம் உட்கம்பியை வட்டமாகச் சுற்றுகிறது. ஆனால் பாலிஎத்திலீன் பகுதியில் கர்ல் பூஜ்யம் என்று விடை வருகிறது. சுற்றும் புலத்துக்கு எப்படிக் கர்ல் இல்லாமல் போகும்?"

இந்தக் கேள்வியைக் கேட்காமல் தேர்ச்சி பெறுபவர்கள்தான் அதிகம். நல்ல கேள்வி. கர்ல் என்பது ஒரு புள்ளியைச் சுற்றி மிகச் சின்னச் சுற்று நடந்து புலத்தைக் கூட்டினால் மிஞ்சுவதன் அளவு. தாளில் உட்கம்பியை ஒரு புள்ளியாக வையுங்கள். அதிலிருந்து தள்ளி, பாலிஎத்திலீனுக்குள், ஒரு சின்ன வில்வடிவக் கட்டம் வரையுங்கள்: உள் வில், வெளி வில், இரண்டையும் சேர்க்கும் இரண்டு ஆரக் கோடுகள். அந்தக் கட்டத்தின் விளிம்பில் ஒரு சுற்று நடந்து, புலத்தை நீளத்தோடு பெருக்கிக் கூட்டுங்கள். ஆரக் கோடுகளில் புலம் செங்குத்து, அதனால் பங்கு இல்லை. உள் வில்லில் புலம் வலுவானது, ஆனால் வில் குட்டை. வெளி வில்லில் புலம் மெலிந்தது, ஆனால் வில் நீளம். புலம் தூரத்துக்கு நேர்மாறாகக் குறைகிறது, வில் தூரத்துக்கு நேராக வளர்கிறது. பெருக்கினால் இரண்டும் ஒரே அளவு. ஒன்றில் புலத்தோடு நடக்கிறோம், மற்றதில் எதிர்த்து நடக்கிறோம். கூட்டினால் பூஜ்யம்.

கட்டம் உட்கம்பியைச் சூழ்ந்தால் பூஜ்யம் வராது, மின்னோட்டம் வரும். அதாவது கர்ல் இருப்பது செம்பின் உள்ளே மட்டும். புலக்கோடு வளைகிறதா என்பது கர்லின் கேள்வி அல்ல. அந்த இடத்திலேயே மின்னோட்டம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஸ்டோக்ஸ் தேற்றத்தை நீங்கள் நிறுவக் கற்றது இதற்காகத்தான்.

பிப்ரவரி 20

முதல் நாள் எழுதியதை வைத்து, "அக்கா டெரிவேஷனே வேண்டாம் என்கிறார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. பதின்மூன்று மார்க் கேள்விகள் பெரும்பாலும் டெரிவேஷன்தான், அவற்றை எழுதிப் பழகாமல் உள்ளே போகாதீர்கள். நான் எதிர்ப்பது மனப்பாடத்தை மட்டும். அவற்றில் இரண்டைச் சொல்கிறேன், இவற்றை உணர்ந்து படிக்க வேண்டும்.

முதலாவது பாயிண்டிங் தேற்றம், புலத்தில் ஆற்றல் எந்தப் பக்கம் எவ்வளவு பாய்கிறது என்று சொல்வது. கேபிளில் மின்புலம் ஆரத் திசையில், காந்தப்புலம் வட்டத் திசையில். இரண்டின் குறுக்குப் பெருக்கம் கேபிளின் நீளவாக்கில் வரும். அதைப் பாலிஎத்திலீனின் குறுக்குப் பரப்பு முழுக்கத் தொகையிடுங்கள். மடக்கை மேலேயும் கீழேயும் வந்து அடிபட்டு, வோல்ட் பெருக்கல் ஆம்பியர் என்ற விடை மட்டும் மிஞ்சும். முழுத் திறனும் வந்துவிட்டது, செம்புக்குள் நுழையவே இல்லை! ஆற்றல் போவது நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் வழியாக. செம்பு அதற்குக் கரை போடுகிறது, அவ்வளவே. பத்தாம் வகுப்பிலிருந்து கம்பிக்குள் எலக்ட்ரான் ஓடுகிறது, அதுவே ஆற்றலைச் சுமக்கிறது என்று நினைத்திருந்தவர்களுக்கு இந்த ஒரு தொகையீடு போதும்.

இரண்டாவது எல்லை நிபந்தனைகள், இரண்டு ஊடகங்கள் சந்திக்கும் இடத்தில் புலம் எப்படி நடந்துகொள்ளும் என்ற விதிகள். நோட்டில் அது வறண்ட பக்கம். வெளியே வந்தால் எங்கும் அதுதான். மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் துளையிட்ட உலோகத் தகடு இருக்கிறதே, துளை ஒன்றிரண்டு மில்லிமீட்டர், உள்ளே இருக்கும் அலை 12 சென்டிமீட்டர். அந்த அலைக்கு அது துளையில்லாத சுவர்.

பிப்ரவரி 21

இதையே மிகப் பெரிதாகப் பார்க்க வேண்டுமானால் ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரைக்குப் போங்கள். அங்கே 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கி, பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் முன்னின்று கட்டியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மாணவர்களோடு போயிருந்தபோது ஒரு பெண் கேட்டாள், "மேடம், கண்ணாடி எங்கே? வானம்தான் தெரிகிறது." உண்மைதான், அங்கே தகடு கிடையாது. நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள் மட்டுமே. இடைவெளி ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர். அது கேட்கும் அதிர்வெண் 326.5 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 92 சென்டிமீட்டர். கம்பிக்கு இணையான மின்புலத்துக்கு அந்த இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. அலையை ஏற்கும் டைபோல்களும் (நேர்க்கம்பி ஆன்டெனாக்கள்) அதே திசையில்தான் வரிசையாக நிற்கின்றன. தகடு போட்டிருந்தால் மலைக்காற்றில் அதைத் தாங்க எவ்வளவு இரும்பு வேண்டியிருக்கும் என்று யோசியுங்கள். எல்லை நிபந்தனை அந்தச் செலவை மிச்சப்படுத்தியது.

இன்னொரு நயம்: அது நிற்கும் சரிவின் கோணம் சுமார் 11 பாகை, அந்த ஊரின் அட்சரேகையும் அதுவே. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் சுழற்றி ஒரு விண்மீன் மூலத்தை மணிக்கணக்கில் தொடரலாம். மலையைத் தேடிக் கண்டுபிடித்தவர்களுக்கு என் வணக்கம்.

பிப்ரவரி 27

"50 ஓம், 75 ஓம் என்று இந்த எண்களை யார் முடிவு செய்தார்கள்?"

காற்று நிரப்பிய கோஆக்சியலில் இழப்பு மிகக் குறைவது 77 ஓமை ஒட்டி. அதிகத் திறனைத் தாங்குவது 30 ஓமை ஒட்டி. வாங்க மட்டும் செய்யும் டி.வி. கேபிளுக்கு இழப்புதான் முக்கியம், அதனால் 75. அனுப்பவும் வாங்கவும் வேண்டிய இடத்தில் நடுவே 50.

மொட்டைமாடி ஆன்டெனா காலத்தை அறிந்தவர்களுக்குத் தட்டையான இரட்டைக் கம்பி வயர் நினைவிருக்கும். அது 300 ஓம். அரை அலை டைபோலின் மின்மறுப்பு (இம்பிடன்ஸ்) 73 ஓம், மடித்த டைபோலில் அது நான்கு மடங்காகும். அதற்குப் பொருந்தத்தான் 300. தென்கடற்கரை ஊர்களில் இலங்கையின் ரூபவாகினி டி.வி. தெளிவாகத் தெரிய, குழாயை உயர்த்திக் கட்டி ஆன்டெனாவைத் திருப்பிய மாமாக்கள் எல்லோரும் திசைப்பண்பை அனுபவத்தில் படித்தவர்கள். மழை பெய்தால் அந்தத் தட்டை வயரில் படம் கெடும். காரணம் என்ன? அதில் புலம் வெளியே பரவியிருக்கிறது, நனைந்தால் சுற்றியுள்ள ஊடகமே மாறிவிடுகிறது. கோஆக்சியலில் புலம் உறைக்குள் அடைபட்டது, மழைக்கு அதைத் தொட முடியாது.

மார்ச் 2

பிப்ரவரி 4 குறிப்பைத் திரும்பப் படித்தேன். சர்க்யூட் பாடம் பொய் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், காற்றில் அதன் அலைநீளம் 6,000 கிலோமீட்டர். அந்த அளவுக்கு முன் வீட்டு வயரிங் ஒரு புள்ளி, கிர்ச்சாஃப் விதி தாராளமாகப் பொருந்தும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், உள்ளங்கை அளவு சர்க்யூட் பலகையிலேயே அதே விதி தடுமாறும்.

தூரமும் அப்படித்தான். 1858-இல் அட்லாண்டிக் கடலடியில் முதல் தந்திக் கம்பி போட்டபோது விக்டோரியா அரசியின் 98 சொல் வாழ்த்து போய்ச் சேர 16 மணி நேரம் பிடித்தது. வேகம் போதவில்லை என்று வைட்ஹவுஸ் என்பவர் வோல்ட்டைச் சுமார் 2,000 வரை ஏற்றினார். சில வாரங்களில் கம்பி செத்தது. கம்பி நெடுகப் பரவிய மின்தேக்குத்திறன்தான் தாமதத்துக்குக் காரணம் என்று வில்லியம் தாம்சன் முன்பே கணக்குப் போட்டிருந்தார், கேட்க ஆள் இல்லை. தூண்டலையும் சேர்த்து முழுச் சமன்பாட்டை எழுதியவர் ஹெவிசைடு. பதினாறு வயதோடு பள்ளியை விட்டு, தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். மேக்ஸ்வெல்லின் நீண்ட சமன்பாட்டு வரிசையை நாம் இன்று எழுதும் நான்காகச் சுருக்கியதில் பெரும் பங்கும் அவருடையது. டைவர்ஜன்ஸும் கர்லும் இன்றைய வடிவில் உங்கள் நோட்டுக்கு வந்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

மார்ச் 9

இன்டெர்னல் தேர்வுக்கு முன் எத்தனை கணக்கு போட வேண்டும் என்று கேட்கிறார்கள். எண்ணிக்கை முக்கியமில்லை. ஒவ்வொரு விடைக்கும் மூன்றைச் சரிபாருங்கள்: அலகு சரியா, திசை சரியா, தூரத்தை மிக அதிகமாக்கினால் விடை எப்படி நடந்துகொள்கிறது. முடிவில்லாத தகட்டின் புலம் தூரத்தோடு குறையவே குறையாது என்று வரும்போது, எழுதிவிட்டுப் போகாமல், ஏன் என்று அரை மணி நேரம் உட்காருங்கள். தள்ளிப் போகப் போக ஒவ்வொரு துண்டும் மெலிகிறது, ஆனால் செங்குத்தாக உதவும் துண்டுகளின் பரப்பு அதே அளவில் கூடுகிறது. உண்மையான தகட்டுக்கு ஓரம் உண்டு, அதனால் கிட்டத்தில் மட்டுமே இந்த விடை செல்லும்.

மார்ச் 10

தம்பிக்கு ஒரு கணக்கு: 75 ஓம் டி.வி. கேபிளின் முனையில் உங்கள் 50 ஓம் கேபிளை ஒட்டுப்போட்டால் எவ்வளவு எதிரொலிக்கும்? முதலில் தாளில் போடுங்கள், பிறகு சி.ஆர்.ஓ.வில் பாருங்கள்.

மார்ச் 13

"வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு தலைகீழாகத் திரும்புகிறது. திறனில் 4 சதவீதம்" என்று எழுதியிருக்கிறார். சரி. திரையிலும் அந்தச் சின்னக் குழி தெரிந்ததாம். ஐந்தாம் யூனிட்டில் வரும், ஊடகம் மாறும் இடத்தில் அலை எதிரொலிக்கும் டெரிவேஷனை இப்போது திறங்கள். ஓம் இருந்த இடத்தில் ஊடகத்தின் மின்மறுப்பை வைத்தால் அதே சூத்திரம். வெற்றிடத்துக்கு அந்த எண் 377.